பெத்லகேம் ஸ்டீல் திவால்: ஒத்திவைத்த கூலி என்ன ஆயிற்று?

2003 மார்ச் 31. அமெரிக்க எஃகு நிறுவனமான பெத்லகேம் ஸ்டீலில் உழைத்து ஓய்வுபெற்றவர்களும் அவர்களை நம்பியிருந்த குடும்பத்தாருமாக ஏறத்தாழ 95,000 பேருக்கு நிறுவனம் கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் அன்றோடு நின்றன. அடுத்த சில வாரங்களில் நிறுவனத்தின் ஆலைகள் ஏறத்தாழ 150 கோடி டாலருக்குக் கைமாறின. புது முதலாளியிடம் போன பிறகும் உலைகள் அணையவில்லை. இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் பர்ன்ஸ் ஹார்பர் ஆலை இன்றும் எஃகு உருக்குகிறது.

அமெரிக்கத் தொழில்களின் வீழ்ச்சி என்றதும் துருப்பிடித்த உலைகளின் படத்தைப் போட்டு, வெளிநாட்டு இறக்குமதி அழித்துவிட்டது என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெத்லகேமின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அந்த விளக்கம் பாதிகூடத் தேறாது. நல்ல ஆலைகள் நல்ல விலைக்குப் போயின. தொலைந்துபோனது, தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியை இன்று வேண்டாம், முதுமையில் வாங்கிக்கொள்கிறோம் என்று விட்டுவைத்த தொகை. அதை யார், எப்போது, எதை நம்பி விட்டுவைத்தார்கள், எந்த வழியில் அது காணாமல் போனது என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

உத்திரத்தில் எழுந்த நிறுவனம்

பென்சில்வேனியாவில் லீஹை ஆற்றங்கரையில் 1857இல் தொடங்கிய ஒரு சிறு இரும்பு ஆலைதான் இதன் வேர். யு.எஸ். ஸ்டீல் என்ற பெரிய எஃகு நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்து வெளியேறிய சார்லஸ் ஷ்வாப் அதைக் கையிலெடுத்து, 1904இல் பெத்லகேம் ஸ்டீல் கார்ப்பரேஷனாக நிறுவினார். ஹென்றி கிரே என்பவரின் உருட்டாலை முறையை வாங்கி, அகன்ற விளிம்புள்ள உத்திரங்களை 1908இல் ஒரே துண்டாக உருட்டி எடுத்தார். அதுவரை பெரிய உத்திரம் வேண்டுமென்றால் தகடுகளையும் கோண இரும்புகளையும் தறையாணி அடித்து இணைக்கவேண்டும். புது உத்திரம் அதைவிட எடை குறைவு, வேலையும் குறைவு. வானளாவிய கட்டடங்களின் காலம் பிறந்துகொண்டிருந்த நேரத்தில் அதற்கான எலும்பை விற்கும் கடையாகப் பெத்லகேம் ஆனது. நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்திலும் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்திலும் நிற்பது அதன் எஃகு.

மேரிலாந்தின் ஸ்பாரோஸ் பாயின்ட், நியூயார்க் மாநிலத்தின் லாக்கவான்னா, பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்று ஆலைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து நாட்டின் இரண்டாவது பெரிய எஃகு நிறுவனமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் அதன் கப்பல் தளங்கள் 1,100க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டின. 1943இல் நாளுக்கு ஒரு கப்பல் என்று தலைவர் யூஜின் கிரேஸ் கொடுத்த வாக்கை அவை மிஞ்சின. அப்போது நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்.

1949இல் எழுதிய ஒப்பந்தம்

தொழிற்சங்கத்தை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த நிறுவனம் இது. 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே சங்கம் உள்ளே வந்தது. எட்டே ஆண்டுகளில் எஃகுத் தொழிலாளர்கள் ஓய்வூதியம் கேட்டு நாடு முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். அந்த 1949 போராட்டத்தில் பெரிய நிறுவனங்களில் முதலில் இறங்கிவந்து கையெழுத்திட்டது பெத்லகேம்தான், அக்டோபர் 31 அன்று. 25 ஆண்டு உழைத்து 65 வயதை எட்டியவருக்கு, அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகையையும் சேர்த்து மாதம் 100 டாலர் வரும்படி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.

நிர்வாகம் ஏன் ஒப்புக்கொண்டது என்பதைக் கவனிக்கவேண்டும். கூலியை உயர்த்தினால் அடுத்த வாரமே பணம் வெளியே போகும். ஓய்வூதியமும் பிற்கால மருத்துவமும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரும் செலவு. அன்றைய தலைவர்கள் அப்போது பதவியில் இருக்கப்போவதில்லை. சங்கத்துக்கோ உறுப்பினர்களின் முதுமை முக்கியமாக இருந்தது. இரு தரப்புக்கும் இது வசதியான பேரம். பின்னாளில் ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவும் இதில் சேர்ந்துகொண்டது. அதற்கென்று பெரிதாக நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. அந்தந்த ஆண்டின் வருமானத்திலிருந்து அந்தந்த ஆண்டின் செலவைக் கொடுத்தார்கள். ஆலையில் ஒரு லட்சம் பேர் வேலை பார்க்கும்வரை இந்த ஏற்பாட்டின் ஓட்டை யார் கண்ணுக்கும் படாது.

இங்கே இன்னொரு நிறுவனத்தைச் சொல்லியாகவேண்டும். ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையை மூடியபோது ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. அறுபது வயதுக்குக் கீழிருந்த ஏறத்தாழ 4,000 பேருக்கு, உரிமைப்பட்ட டாலருக்கு 15 சென்ட்தான் கிடைத்தது. அந்த அதிர்ச்சி பத்தாண்டு விவாதமாகி, 1974இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனம் நொடித்தாலும் ஓய்வூதியத்தை ஒரு வரம்புவரை கொடுக்க அரசுக் காப்புறுதிக் கழகம் ஒன்றும் அமைந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஓய்வுக்கால மருத்துவக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே பணம் சேர்க்கச் சொல்லவில்லை. பெத்லகேம் முதியவர்களின் தலையெழுத்தை நிர்ணயித்தது அந்த இடைவெளி.

ஜப்பானிலும் மேற்கு ஐரோப்பாவிலும் முதியவர்களின் மருத்துவம் பெரும்பாலும் நாடு முழுவதற்குமான பொதுக் காப்பீட்டின் பொறுப்பு. அங்கே ஓர் ஆலை சுருங்கினால் வேலை போகும், மருந்துச் சீட்டு போகாது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் முப்பது ஆண்டு உலைமுன் நின்று உடல் தேய்ந்து ஐம்பத்தைந்தில் ஓய்வுபெறுபவர் அதற்குப் பத்தாண்டு காத்திருக்கவேண்டும். அந்தப் பத்தாண்டைக் கம்பெனிதான் தாங்கவேண்டியிருந்தது.

பழைய உலையில் போட்ட பணம்

1950களில் அமெரிக்க எஃகு நிறுவனங்கள் கொள்ளளவை வெகுவாகப் பெருக்கின. பெரும்பகுதி, பழைய திறந்த அடுப்பு உலைகள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952இலேயே ஆக்சிஜன் ஊதி உருக்கும் முறை வணிக அளவில் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய உலையில் பல மணி நேரம் எடுக்கும் வேலை அதில் ஒரு மணிக்கும் குறைவாக முடியும். போரில் தரைமட்டமான ஜப்பானிய ஆலைகள் புதிதாகக் கட்டப்பட்டபோது அதைத்தான் பொருத்தின. பெத்லகேமும் பிறகு மாறியது, ஆனால் பிந்தி.

1959 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 116 நாள் நீடித்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். அந்த இடைவெளியில் எஃகு வாங்குபவர்கள் ஜப்பானையும் ஐரோப்பாவையும் தேடிப்போனார்கள். அந்த ஆண்டில் அமெரிக்கா ஏற்றுமதி செய்ததைவிட அதிக எஃகை இறக்குமதி செய்தது. போன வாடிக்கையாளர்களில் பலர் திரும்பி வரவில்லை. இதற்கு முழுப்பழியையும் தொழிலாளர் மேல் போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை விதிகளை மாற்றும் அதிகாரம் எங்களுக்கே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நிர்வாகம், அதை விட்டுக்கொடுக்க மறுத்தது சங்கம்.

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கான எஃகு டெண்டரில் நடந்தது நிறுவனத்தின் மனநிலையைக் காட்டுகிறது. பெத்லகேமும் யு.எஸ். ஸ்டீலும் கேட்ட விலை கட்டுப்படியாகாது என்று நியூயார்க் துறைமுக ஆணையம் அந்த வேலையைப் பிரித்துப் பல சிறிய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. எஃகில் ஒரு பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. நியூயார்க்கின் வானத்தைக் கட்டிய நிறுவனத்துக்கு அந்த நகரத்தின் மிகப்பெரிய கட்டடத்தில் முக்கியப் பங்கு கிடைக்கவில்லை. அதே காலத்தில் தலைமையகமாக 21 மாடி மார்ட்டின் டவரை எழுப்பினார்கள். மூலை அறைகள் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சிலுவை வடிவில் வரைந்த கட்டடம் அது. 1972இல் திறந்தது. திட்டமிட்டிருந்த இரண்டாவது கோபுரம் கட்டப்படவே இல்லை.

நிர்வாகம் எல்லா இடத்திலும் தூங்கியது என்று சொல்வதும் சரியாகாது. 1960களில் புத்தம்புதிதாகக் கட்டிய பர்ன்ஸ் ஹார்பர் ஆலை, வாகனத் தொழிலுக்குப் பக்கத்திலும் ஏரிக் கப்பல் வரும் துறையிலும் அமைந்த சரியான முதலீடு. அது இன்றும் பிழைத்திருப்பதே சான்று. ஆனால் அந்தப் புது ஆலையோடு லாக்கவான்னா, ஜான்ஸ்டவுன், பெத்லகேம் என்று பழைய ஆலைகளையும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1974இல் 34.2 கோடி டாலர் லாபம். அதுவரை இல்லாத உச்சம். மூன்றே ஆண்டுகளில், 1977இல், 44.8 கோடி டாலர் நட்டம். 1982இல் நட்டம் ஏறத்தாழ 150 கோடி டாலர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, லாக்கவான்னாவில் எஃகு உருக்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 7,300 வேலைகள் போயின.

பழைய இரும்பிலிருந்து வந்த போட்டி

உத்திரச் சந்தையைப் பெத்லகேமிடமிருந்து பறித்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்கர்களே. நியூகோர் என்ற நிறுவனம் 1969இல் தென் கரோலினாவின் டார்லிங்டனில் மின்வில் உலை ஒன்றைத் தொடங்கியது. அதற்குச் சுரங்கம் வேண்டாம், நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் கோக் அடுப்பு வேண்டாம், இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலை வேண்டாம். பழைய கார்களையும் இடித்த கட்டடங்களின் கம்பிகளையும் மின்சாரத்தில் உருக்கி அப்படியே வார்த்துவிடும். தொடக்கத்தில் கட்டுமானக் கம்பி போன்ற மலிவுச் சரக்குதான் செய்தார்கள். லாபம் குறைந்த அந்தச் சரக்கைப் பெரிய ஆலைகள் விட்டுக்கொடுத்தன. 1988இல் ஜப்பானின் யமாட்டோவோடு கூட்டுச்சேர்ந்து ஆர்கன்சாவில் பெரிய உத்திரங்களை உருட்ட ஆரம்பித்தது நியூகோர். 1989இல் இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் மெல்லிய பாளமாக வார்த்துத் தகடாக உருட்டும் ஆலையைத் திறந்தது. பெத்லகேமின் பிறப்புரிமைபோல் இருந்த உத்திரம் கைவிட்டுப்போனது. 1995 நவம்பர் 18 அன்று பெத்லகேம் நகர ஆலையில் கடைசி வார்ப்பு நடந்தது.

மொத்தத் தொழிலையும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. அமெரிக்க ஆலைகளில் ஒரு டன் எஃகுக்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 மனித மணிநேரம் பிடித்தது. இன்று இரண்டு மணிநேரத்தைச் சுற்றி நிற்கிறது. 1962க்கும் 2005க்கும் இடையில் எஃகுத் தொழிலில் ஏறத்தாழ 4 லட்சம் வேலைகள், அதாவது நான்கில் மூன்று பங்கு, மறைந்தன. ஆனால் 2005இல் ஆலைகளிலிருந்து வெளியேறிய எஃகின் அளவு 1960களின் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறையவில்லை. இன்று அமெரிக்க எஃகில் ஏறத்தாழ 70 விழுக்காடு மின்வில் உலைகளில் உருவாகிறது.

இறக்குமதியின் அடி பொய் என்று நான் சொல்லவில்லை. 1984இல் உள்நாட்டுச் சந்தையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டு எஃகு. 1997-98 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு மலிவுச் சரக்கு வெள்ளமாக வந்து, சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க எஃகு நிறுவனங்களைத் திவாலில் தள்ளியது. ஆனால் அதே வெள்ளத்தில் நியூகோர் நின்றது. அதனிடம் புது உலை இருந்தது. அதைவிட முக்கியமாக, அதனிடம் பழைய ஓய்வூதியர்கள் இல்லை. சங்கமில்லாத ஆலைகள், உற்பத்தி ஊக்கத்தொகை, லாபத்தில் பங்கு என்பது அதன் ஏற்பாடு. முதுமைக்கான சேமிப்பும் லாபத்தைப் பொறுத்ததே. நிறுவனத்தின் தோளில் தலைமுறைக் கடன் ஏறவில்லை.

உரிமை வந்த காலம்

ஸ்பாரோஸ் பாயின்ட்டிலும் லாக்கவான்னாவிலும் கறுப்பினத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகளாகக் கோக் அடுப்பு, ஊது உலை போன்ற சூடும் புகையும் மிகுந்த பிரிவுகளிலேயே வைத்திருந்தார்கள். பணிமூப்பு பிரிவுக்குள்தான் செல்லும். இருபது ஆண்டு கோக் அடுப்பில் நின்றவர் உருட்டாலைக்கு மாற விரும்பினால், அங்கே நேற்றுச் சேர்ந்தவருக்கும் பின்னால் நிற்கவேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவதும் அவரே. லாக்கவான்னா வழக்கில் 1971இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறையைக் கண்டித்தது. 1974இல் ஒன்பது எஃகு நிறுவனங்களும் சங்கமும் அரசோடு சமரச ஆணையில் கையெழுத்திட்டன. பணிமூப்பு ஆலை முழுவதற்கும் பொதுவானது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பழைய கூலிப் பாக்கியாக ஏறத்தாழ 3.1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆலைகளில் பெண்களை எடுப்பதற்கும் அந்த ஆணை கதவு திறந்தது.

மூன்றே ஆண்டில் பெருநட்டம், எட்டு ஆண்டில் லாக்கவான்னா மூடல். அப்போதுதான் நல்ல பிரிவுக்கு மாறிய கறுப்பினத்தவரும், அப்போதுதான் உள்ளே வந்த பெண்களும் முழு ஓய்வூதியத்துக்கான ஆண்டுகளைச் சேர்க்குமுன்பே வெளியேறினார்கள். பெத்லகேமின் நல்ல காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூரும் எழுத்துகள் பலவற்றில் இவர்கள் வருவதில்லை. அந்த நல்ல காலம் எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கவில்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

நீதிமன்றத்தில் நடந்தது

2001 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். ஒருவர் உழைப்பில் ஐந்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள். 2002 மார்ச்சில் அதிபர் புஷ் சில எஃகு வகைகளுக்கு 30 விழுக்காடு வரை தீர்வை விதித்தார். விலை ஏறியது, ஆனால் அந்தப் பழைய கடனை அடைக்க அது போதவில்லை.

டிசம்பர் 2002இல் அரசுக் காப்புறுதிக் கழகம் ஓய்வூதியத் திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கொடுக்கவேண்டியது ஏறத்தாழ 780 கோடி டாலர், நிதியில் இருந்தது ஏறத்தாழ 350 கோடி. பற்றாக்குறையில் ஏறத்தாழ 370 கோடியைக் கழகம் ஏற்றது. அதுவரை அந்தக் கழகம் ஏற்ற சுமைகளில் மிகப் பெரியது அது. மீதி, தொழிலாளர்களின் நட்டம். சட்ட வரம்பு வயதோடு சேர்ந்தது. ஐம்பதுகளில் ஓய்வுபெற்றவர்களுக்கு வரம்பு குறைவு. ஆலை மூடினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் சொன்ன தொகையும் போனது. இன்னும் சில மாதம் வேலை பார்த்தால் முப்பது ஆண்டு நிறையும் என்றிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே அறுந்தது.

மருத்துவக் காப்பீட்டின் நிலை இதைவிட மோசம். ஓய்வூதியத்துக்காவது ஒரு காப்புறுதிக் கழகம் இருந்தது, இதற்கு அதுவும் இல்லை. எல்.டி.வி. ஸ்டீல் 1986இல் திவாலானதும் ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவைச் சட்டென நிறுத்தியதால், 1988இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி, நிறுத்துமுன் ஓய்வூதியர்களின் பிரதிநிதியோடு பேசவேண்டும், நீதிமன்ற அனுமதி வேண்டும். பெத்லகேம் அந்த நடைமுறைகளைக் கடந்து அனுமதியும் பெற்றது. சட்டம் கொடுத்தது பேச்சுவார்த்தைக்கான உரிமை, பணத்துக்கான உரிமையைக் கொடுக்கவில்லை. அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்கு ஆலையும் சரக்கும் ஈடு. முப்பது ஆண்டு உழைப்பைக் கடனாகக் கொடுத்தவரிடம் ஈடாக எதுவும் எழுதித்தரப்படவில்லை.

வாங்கியவர் முதலீட்டாளர் வில்பர் ராஸ். எல்.டி.வி.யின் ஆலைகளை ஏற்கனவே வாங்கி இன்டர்நேஷனல் ஸ்டீல் குரூப் என்று தொடங்கியிருந்தார். சங்கத்தோடு புது ஒப்பந்தம் போட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் ஐந்தாகச் சுருங்கின. அடுக்கடுக்கான மேற்பார்வையாளர்கள் போனார்கள், லாபத்தில் பங்கு வந்தது. இதைச் சங்கத் தலைமை முன்வந்து பேசி முடித்தது. எஞ்சிய வேலைகளைக் காப்பாற்ற வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2004இல் எஃகு விலை எகிறியது. அந்த அக்டோபரிலேயே லட்சுமி மிட்டல் அந்த நிறுவனம் முழுவதையும் ஏறத்தாழ 450 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பழைய கடன் இல்லாத ஆலைகள் எவ்வளவு பெறும் என்பதைச் சந்தை காட்டிவிட்டது.

இன்று

பெத்லகேம் நகரம் மற்ற எஃகு ஊர்களைவிட நன்றாகவே எழுந்துவிட்டது. நியூயார்க்கும் பிலடெல்பியாவும் பக்கம் என்பதால் லீஹை பள்ளத்தாக்கு முழுக்கக் கிடங்குகள், மருத்துவமனைகள். ஆலை நிலத்தில் 2009இல் சூதாட்ட விடுதியும் 2011இல் கலை வளாகமும் திறந்தன. ஊது உலைகளை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். மார்ட்டின் டவரை 2019இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஸ்பாரோஸ் பாயின்ட் பல கைமாறி 2012இல் நின்றது. ஒரு காலத்தில் 30,000 பேர் வேலை பார்த்த அந்த நிலத்தில் இன்று அமேசான் உள்ளிட்ட நிறுவனங்களின் கிடங்குகள். வேலைகள் வந்திருக்கின்றன, எஃகாலைக் கூலி வரவில்லை. பர்ன்ஸ் ஹார்பர் 2020 முதல் கிளீவ்லண்ட்-கிளிஃப்ஸ் என்ற எஃகு நிறுவனத்தின் வசம்.

முதியவர்களுக்குக் கிடைத்தவை சிறு நிவாரணங்கள். காப்புறுதிக் கழகத்திடம் ஓய்வூதியம் பெறும் 55 முதல் 64 வயதினருக்கு, மருத்துவக் காப்பீட்டுச் செலவில் 65 விழுக்காட்டை வரிச் சலுகையாகக் கொடுக்க 2002 வர்த்தகச் சட்டத்தில் வழி இருந்தது. மீதி 35 விழுக்காடே பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. புது முதலாளியின் லாபத்திலிருந்து ஒரு பங்கை ஓய்வூதியர் மருத்துவ அறக்கட்டளைக்குப் போடவேண்டும் என்று சங்கம் ஒப்பந்தத்தில் சேர்த்தது, ஆனால் பழைய காப்பீட்டின் இடத்தை அது நிரப்பவில்லை. 2006இல் ஓய்வூதிய நிதிக்கான விதிகளைக் காங்கிரஸ் இறுக்கியது. ஓய்வுக்கால மருத்துவத்துக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. பல நிறுவனங்கள் அந்த வாக்குறுதியையே கொடுப்பதை நிறுத்திவிட்டன.

வில்பர் ராஸ் பின்னர் வர்த்தக அமைச்சரானார். அவர் பதவிக்காலத்தில், 2018இல், இறக்குமதி எஃகுக்கு 25 விழுக்காடு தீர்வை வந்தது. 2025 ஜூனில் அது 50 விழுக்காடாக ஏறியது. தீர்வையால் ஏறும் விலை ஆலையின் வரவில் சேர்கிறது. அதில் ஒரு பங்கை ஆலைத் தொழிலாளியின் ஓய்வுக்கால மருத்துவத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று அந்த ஆணைகள் எதிலும் இல்லை. அதைச் சங்கம்தான் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நிறுவனம் நிறுவனமாகக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.